இதைச் சித்தெ புடிங்க

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிஷம். தூறல். குடை பிடிக்கிற அளவுக்கு மழை இல்லை, பிடிக்காமல் நடந்தால் சட்டை நனைந்துவிடும். எனக்குக் குடை பிடிக்க வழியும் இல்லை. இடது கையில் துணிப்பை, பைக்குள் வீட்டு மிக்ஸி. வலது கை வழக்கம்போல் தோள் துண்டுக்கு அடியில் இருந்தது.

கணபதி என்கிற பகுதியில், பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்றாவது சந்து, சந்துக்குள் ஐந்தாவது கதவு. மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருகிற இடம். பெயர்ப் பலகை கிடையாது. வார்னிஷ் வாடையை வைத்துத்தான் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஓர் அம்மணி தரையில் மணை போட்டு உட்கார்ந்து, ஒரு பம்புசெட் மோட்டாரை மடியில் சாய்த்து வைத்துக் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மிக்ஸிங்களா? அக்கட்ட வெச்சுப்போட்டு இதைச் சித்தெ புடிங்க."

"நான் மிக்ஸி ரிப்பேருக்குக் குடுக்க வந்தேனுங்க."

"ஆமாங், அதான் குடுத்துப்போட்டீங்கல்ல. இதைப் புடிங்க. வுட்டாப் பிரிஞ்சுரும்."

கம்பியின் முனையை என் பக்கம் நீட்டினார். மிக்ஸியைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் பிடித்தேன்.

"அந்தக் கை கோணலா வருதுங். சோத்துக் கையில புடிங்க."

வலது கையை நீட்டச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் என் முகத்தையே உற்றுப் பார்த்துப் பேசுவார்கள், கண் தவறிக் கீழே போய்விடக் கூடாது என்று. என் மனைவி சோற்றைப் பிசைந்து கரண்டியோடு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் துண்டை விலக்கினேன். 'ஐயோ' என்று சொல்வார், அதன் பிறகு வீட்டுக்குக் கிளம்பலாம் என்று நின்றேன்.

அவர் பார்த்தார். கட்டை விரலும் சுண்டு விரலும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று, புதுக் குறடு வாங்குகிறவர் வாயை மூடித் திறந்து பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரெண்டு இருக்குதுங்களே. கம்பிக்கு ரெண்டு போதுங்" என்று சொல்லி, இரண்டுக்கும் நடுவே கம்பியை வைத்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு வெளியே வந்தேன். மிக்ஸியை அவர் தொடக்கூட இல்லை. அன்று மத்தியானம் சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்னேனாம். ஏழு மாதத்தில் நான் சொன்ன முதல் குறை அதுதான் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். அதைக் கேட்டு அடுப்படியில் அழுததாகவும் சொன்னாள். உப்பு உண்மையிலேயே குறைவுதான்.

நான் ஒரு வார்ப்படப் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணிக் குறிப்பதுதான் வேலை. எண்ணுவது அப்போது பிடித்த பழக்கம். இப்போதும் படிக்கட்டைக் கண்டால் எண்ணாமல் ஏறுவதில்லை. ஓய்வு வயது தாண்டியும் முதலாளி என்னை வைத்துக்கொண்டிருந்தார். அறுபத்துமூன்றாம் வயதில், தள்ளுவண்டியிலிருந்து சரிந்த ஒரு வார்ப்பிரும்புப் பம்பு உறையைப் பிடிக்கப் போனேன். பிடிக்காமல் விட்டிருந்தால் உறை உடைந்திருக்கும், அவ்வளவுதான். நடுவில் இருந்த மூன்று விரல்கள் போயின. எழுதுகிற கை. தொழிலாளர் காப்பீட்டில் டாக்டர்கள் கூடி உட்கார்ந்து, அளந்து பார்த்து, ஊனப் பென்ஷன் போட்டார்கள். மாதம் ஆறாயிரத்து நூற்றெண்பது, ஆயுளுக்கும். வீட்டு வாடகை ஐந்தாயிரம். பிள்ளைகள் இல்லை. வேறு வரும்படியும் இல்லை. நானும் மனைவியும் அந்த வீட்டில் இருப்பதா காலி செய்வதா என்பது அந்தப் பென்ஷனில்தான் இருந்தது.

அந்த அம்மணியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், "பேரை வெச்சு என்ன பண்றதுங், வேலையச் சொல்லுங்க" என்பார். அவருக்கு ஒரே ஒரு குணம்தான். தன் எதிரில் ஒரு கை சும்மா இருப்பதை அவரால் பார்க்க முடியாது. அதில் ஏதாவது ஒன்றை வைத்துவிடுவார். வந்தவர் யார், எதற்கு வந்தார், கை சுத்தமா, மனம் சரியில்லையா, ஒன்றும் கேட்க மாட்டார். "இதைச் சித்தெ புடிங்க" என்பார். சித்தெ என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம். அவர் அகராதியில் அது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

வார்டு தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு நான்கு பேர் வந்தார்கள். நோட்டீஸை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஆளுக்கொரு கத்தரிக்கோலும் இன்சுலேஷன் காகிதமும் கொடுத்தார். மோட்டாருக்குள் கம்பி இரும்பில் உரசாமல் இருக்க வைக்கிற வழுவழுப்பான காகிதம் அது. நான்கு பேரும் கரைவேட்டியோடு உட்கார்ந்து இரண்டு மோட்டாருக்கு வேண்டியதை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "ஓட்டு?" என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டார். "செயிச்சதுக்குப் பொறகும் வாங்க, இன்னும் கெடக்குது" என்றார் அம்மணி.

அவர் மகளைப் பெண் பார்க்கக் கருமத்தம்பட்டியிலிருந்து வந்தார்கள். வீடு கடைக்குப் பின்னால். கடை வழியாகத்தான் போக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா போகிற வழியில் ஒரு மோட்டாரைச் சாய்த்துப் பிடிக்கும்படி ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கத்தரிக்கோல். நானும் அன்று இருந்தேன். மாப்பிள்ளை ஆறு காகிதம் வெட்டினார், ஆறும் கோணல். அவர்கள் போன பிறகு, "என்னங்க அம்மணி, தரம் எப்படி?" என்று கேட்டேன்.

"கோணலாத்தானுங் வெட்டுனாரு. ஆனா அவங்கம்மா ரெண்டு தடவ கூப்பிட்டும் முடிக்காம எந்திரிக்கலீங்களே. குடுக்கலாமுங்."

கொடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சிரிப்புக்குச் சொல்வது. சிரிக்க முடியாத ஒன்றும் அந்தக் கடையில் இருந்தது. உள்கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்தவர், பேச்சும் குழறல். அவர் மடியில் ஒரு முறம், முறத்தில் பழைய கம்பித் துண்டுகள். செம்பை ஒரு டப்பாவில், அலுமினியத்தை இன்னொன்றில் போட வேண்டும். ஒரு துண்டை எடுத்துப் போட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகும். வாயோரம் எச்சில் வழியும். அம்மணி எழுந்து துடைத்துவிட்டு, முறத்தில் இன்னொரு பிடி போட்டுவிட்டு வருவார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் வாரம் வாயை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அவரையாச்சும் வுட்டர்லாமுங்களே அம்மணி."

அவர் கை நின்றது. நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஏனுங்ண்ணா, நான் அவருக்கு ஊட்டி வுடறேன், தண்ணி வாத்து வுடறேன், துணி மாத்தறேன். அவரு எனக்கு ஒண்ணாச்சும் செய்ய வேண்டாமுங்களா?"

நான் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அந்த மனிதர் என்னைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச வராத வாயால் ஏதோ சொன்னார். அம்மணி மொழிபெயர்த்தார்: "உங்க வேலையப் பாருங்கங்கறாரு."

இன்றுவரை அது சரியா தப்பா என்று என்னால் முடிவு கட்ட முடியவில்லை. போன தை மாதம் அம்மணி இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டுக்காரர் அதற்கு முந்தின வருஷமே போயிருந்தார். சாவுக்குப் போனபோது வாசலில் நாற்பத்தோரு பேர் நின்றோம். எண்ணினேன். எல்லோர் கையும் சும்மா இருந்தது. யாருக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த மிக்ஸி மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் டேபிள் ஃபேனைக் கொண்டுபோனேன். அப்புறம் இஸ்திரிப் பெட்டி, அதற்கு அப்புறம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர். "ஊட்ல ரிப்பேர் பண்ணாதது இனி நான் ஒருத்திதான்" என்றாள் மனைவி. ஒன்றையும் தூக்காமல் வெறும் கையோடு போன அன்று அம்மணி வித்தியாசமாக எதுவும் கேட்கவில்லை. மெஷின் முன்னால் ஒரு மணையை நகர்த்திப் போட்டார்.

கையால் சுழற்றுகிற கம்பி சுற்றும் மெஷின் அது. எத்தனை சுற்று என்று காட்டுகிற எண்கட்டை நூறு தாண்டினால் தாவும். ஒரு சுருளுக்கு இருநூற்றுப் பத்துச் சுற்று என்றால் இருநூற்றுப் பத்து இருந்தாக வேண்டும், குறைந்தால் மோட்டார் சூடாகும். அம்மணி பேசிக்கொண்டே சுற்றுவார், பேச்சில் எண்ணை விட்டுவிடுவார், பிரித்து மறுபடி சுற்றுவார். நான் இடது கையால் பிடியைச் சுழற்றி, வலது கையின் இரண்டு விரலில் துணி வைத்துக் கம்பியை இழுத்துப் பிடித்து, வாய்விட்டு எண்ணினேன். என் எண்ணிக்கை தவறாது. எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவேன். வாடிக்கையாளர்கள் வாசலிலேயே நிற்கப் பழகிக்கொண்டார்கள். "அண்ணன் எண்ணிட்டிருக்காரு. கைமாத்துக் கேக்கறதுன்னா அப்பறம் வாங்க" என்பார் அம்மணி.

அந்த வாரக் கடைசியில்தான் பயம் வந்தது. கொண்டுவந்தவர் மைத்துனர், மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், நான் கடைக்குப் போவதைக் கேட்டுக் கையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, வெவரமா இருந்துமா இப்படிப் பண்றீங்க? ஊனம்னு பென்ஷன் வாங்கிப்போட்டு வேலைக்குப் போனீங்கன்னு தெரிஞ்சா நிறுத்திருவாங்க. வாங்குனதையும் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க."

"யாருக்குடா தெரியப் போகுது?"

"ஒரு மொட்டைக் கடுதாசி போதும் மாமா. இந்த ஊர்ல அதுக்கா ஆளில்ல?"

அன்றிரவு நான் தூங்கவில்லை. பென்ஷன் ஆயுளுக்கும் வரும். கூலி, கடை திறந்திருக்கிற வரைக்கும்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை இழப்பது முட்டாள்தனம். ஆனால் கடைக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. விடியும்போது ஒரு வழி கண்டுபிடித்தேன், படித்தவன் அல்லவா. கூலி வாங்கினால்தானே வேலை? வாங்காவிட்டால் அது வேலை ஆகாது.

அப்படியே செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மணி ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை நீட்டுவார். "இருக்கட்டுங்க, மொத்தமா ஒட்டுக்கா வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவேன். கடையில் மணையைக் கதவுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். தெரியாத முகம் வந்தால் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு, "என்ற ஃபேன் ஆச்சுங்களா?" என்று சத்தமாகக் கேட்பேன். கையில் ஃபைல் வைத்திருப்பவர்களைக் கண்டால் பயம், மூக்குக் கண்ணாடி போட்டவர்களைக் கண்டாலும் பயம். ஒருநாள் மனைவியே நேரில் வந்து, "கை போன மனுசரை வேலை வாங்கறீங்களே, பென்ஷன் போச்சுன்னா நீங்க குடுப்பீங்களா?" என்று சண்டை பிடித்தாள். அம்மணி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "நாயந்தானுங். நாடாவ இந்த நீளத்துக்கு வெட்டிக்கிட்டே சொல்லுங்க" என்று சுருளைக் கொடுத்தார். மனைவி ஒரு மணி நேரம் வெட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில், "அந்தம்மாகிட்ட என்ன கேக்கப் போனேன்னே மறந்துபோச்சுங்க" என்றாள்.

ஆறாவது சனிக்கிழமை அம்மணி பணத்தை நீட்டவில்லை. மெஷின் பிடியைத் தன் கையால் நிறுத்தினார். நான் நூற்றெழுபத்து மூன்றில் இருந்தேன்.

"ஏனுங்ண்ணா, எப்பத்தான் வாங்குவீங்க?"

"எனக்கு வேண்டாங்க அம்மணி. பொழுது போகோணும்னு வாரேன்."

"பொழுதுபோகறதுக்குங்களா? அப்ப சினிமாவுக்குப் போங்க."

உண்மையைச் சொன்னேன். பென்ஷன், வாடகை, மொட்டைக் கடிதம் எல்லாம். அவர் கம்பி முனையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"நேத்து பதினோரு மணிக்கு வந்தீங்க. ஏன் லேட்டுன்னு கேக்க நாக்கு வரைக்கும் வந்துச்சு. கேக்க முடியலீங்க. கூலி வாங்காதவரை எந்த உரிமையில நான் வையறது? நீங்க வராதன்னைக்கு நான் யாரப் போய்க் கூப்புடறது? சும்மா செய்யறவங்கள வெச்சுக் கடை நடத்த முடியாதுங்ண்ணா. கூலி வாங்கறதுன்னா வாங்க. இல்லாட்டித் திங்கக்கிழமை வர வேண்டாமுங்."

எத்தனையோ பேரை வலுவில் இழுத்து உட்கார வைத்தவர், என்னைப் போகச் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. போய்விட்டேன்.

பதினொரு நாள் வீட்டில் இருந்தேன். குளியலறை வாளிக்கு எத்தனை சொம்பு தண்ணீர், மாடிக்கு எத்தனை படி, எதிர்வீட்டு முருங்கையில் எத்தனை காய், எல்லாம் எண்ணியாயிற்று. மறுபடி கை துண்டுக்குள் போய்விட்டது. பதினொன்றாம் நாள் மனைவி சோற்றோடு கரண்டியையும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க, அந்தக் கடைக்கே போய்ருங்க. பென்ஷன் போச்சுன்னாப் போகுது. அன்னூர்ப் பக்கம் சின்ன ஊடாப் பாத்துக்கலாம். உங்களை இப்படிப் பாத்துக்கிட்டு இந்த ஊட்ல இருந்து என்னங்க பண்றது?"

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். மணையில் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றேன். "காப்பீட்டு ஆபீஸ்லயே போய்க் கேக்கலாம்னு இருக்கறேனுங்க அம்மணி. ஆனா, கேட்டா நானே போய் மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிரும்."

அவர் எழுந்தார். வீட்டுக்காரரைப் பக்கத்து மாவுமில் அம்மாவிடம் ஒப்படைத்தார். கடையைப் பூட்டினார். வேலை நாளில் அவர் கடை பூட்டி அந்தச் சந்தே பார்த்ததில்லை. "நானும் வாரேனுங். ரெண்டு பேரா மாட்டிக்கலாம்" என்று சொல்லி, ஒரு கட்டைப் பை நிறைய இன்சுலேஷன் காகிதத்தை எடுத்துக்கொண்டார். காந்திபுரம் போய் பஸ் மாறினோம்.

ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சுகளில் இருபத்துமூன்று பேர் காத்திருந்தார்கள். பாதம் போனவர், ஒரு கண் போனவர், என்னைப் போல் விரல் போனவர்கள். விவரம் கேட்க வந்தவர்களுக்குத் தனி வரிசை, அதில் எனக்கு டோக்கன் பதினேழு. அம்மணி பக்கத்திலிருந்தவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "இதைச் சித்தெ புடிங்க. ஓரத்தை இப்படி ஒரு விரக்கடைக்கு மடிக்கோணும்." அவர் மடித்தார். அடுத்தவரும் கேட்டு வாங்கினார். கால் மணி நேரத்தில் வராந்தா முழுக்க மடித்துக்கொண்டிருந்தது. ஒற்றைக் கைக்காரர் தொடையில் வைத்து அழுத்தி மடித்தார். பியூன் வெளியே வந்து பார்த்தார்.

"ஏம்மா, இது ஆபீஸா கடையா?"

"ஆபீஸுதானுங். சும்மாத்தான உக்காந்திருக்கறோம். நீங்களும் ரெண்டு மடிங்க."

அவர் நான்கு மடித்தார்.

கை ஓட ஆரம்பித்தால் வாயும் ஓடும்போல. பாதம் போனவர் மடித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். "நான் ஒரு பரோட்டாக் கடைல கல்லால உக்கார்றேனுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க." அதற்கு அடுத்தவர் தையல் எடுத்து வீட்டில் ரகசியமாகத் தைக்கிறாராம். ஒரு கண் போனவர் தறிக் குடோனுக்குக் காவல், மருமகன் பெயரில் சம்பளம். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் என்று குரலைத் தாழ்த்தி ஏழு பேர் சொன்னார்கள். ஏழு பேருக்கும் மொட்டைக் கடிதப் பயம். எல்லோருக்கும் ஒரு மைத்துனர் இருந்திருப்பார்.

பதினேழு என்று கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் முப்பது வயதுகூட ஆகாத ஓர் அதிகாரி. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். நான் ராத்திரியே யோசித்து வைத்திருந்தபடி ஆரம்பித்தேன்.

"சார், என் நண்பர் ஒருத்தருங்க. ஊனப் பென்ஷன் வாங்கறாரு. அவரு ஒருவேளை எங்கயாவது சின்னதா வேலைக்கு..."

"நண்பர் இல்லீங்க சார்" என்றார் அம்மணி. "இவரேதானுங். என்ற கடைல கம்பி சுத்தறாரு. நல்லாச் சுத்தறாரு."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் என் எண்ணைத் தட்டினார். சத்தமில்லாமல் படித்தார். வாடகை ஐந்தாயிரம், அன்னூர்ப் பக்கம் என்ன வாடகை இருக்கும், திருப்பிக் கட்ட எத்தனை மாதம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி, சுத்துங்க. அதுக்கென்னங்க?" என்றார் அதிகாரி.

"பென்ஷன்?"

"இது உங்க கைல போன பங்குக்குக் குடுக்கறதுங்க ஐயா. நீங்க கம்பி சுத்துனா அந்த மூணு வெரலும் மொளைச்சுருங்களா?"

"இல்லீங்."

"அப்பப் பென்ஷன் எதுக்கு நிக்கும்? தாராளமா வேலைக்குப் போங்க. வருசத்துக்கு ஒருக்கா உயிரோட இருக்கறேன்னு சான்று மட்டும் குடுத்துப்போடுங்க. வேற தினுசுப் பென்ஷன்னா சட்டம் வேறயா இருக்கும். உங்களுது இதுதான்."

"இன்னொருக்காச் சொல்லுங்க சார்."

சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டேன். மூன்றாம் தடவையும் சலிக்காமல் சொன்னார். "இதைக் கேக்கறதுக்கா ஐயா இத்தனை நாள் பயந்துட்டிருந்தீங்க?" என்று கேட்டார். அம்மணிதான் சொன்னார்: "வெளிய இன்னும் ஏழு பேரு பயந்துட்டு உக்காந்திருக்காங்க சார்."

வராந்தாவுக்கு வந்து, மடித்த காகிதங்களைப் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, அவங்கவங்க உள்ள போய் அவங்கவங்க பென்ஷனைக் கேட்டுக்கங்க. நல்ல பையன், கடிக்க மாட்டேங்கறாரு" என்றார். பாதம் போனவர் முதலில் ஊன்றுகோலை எடுத்தார்.

ஆபீஸ் வாசலில் டீ குடித்தோம். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று முறை வாயெடுத்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு, மடிப்புச் சரியாக விழாத காகிதங்களைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். நன்றியைச் சொல்லவே இல்லை. அவர் இருந்தவரை சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், இடது கையால், கோணல் எழுத்தில்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்மணி முன்னால் பெண்கள் பக்கம், நான் பின்னால் படிக்கட்டை ஒட்டி. நடுவில் அறுபது பேராவது இருப்பார்கள், நெரிசலில் சரியாக எண்ண முடியவில்லை. பஸ் காந்திபுரம் தாண்டியதும் முன்னாலிருந்து அவர் குரல் அத்தனை தலைக்கும் மேல் வந்தது.

"ஏனுங்ண்ணா! நாளைக்கு எட்டரைக்கெல்லாம் வேலைக்கு வந்துபோடோணும்! லேட்டா வந்தா அரைநாள் கூலிதான், இப்பவே சொல்லிப்போட்டேன்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். என் துண்டு தோளில் கிடந்தது. வலது கையின் இரண்டு விரலுக்கு நடுவே டிக்கெட் இருந்தது. கையை உயர்த்திக் காட்டி, என்னால் முடிந்த சத்தத்தில், "வாரேனுங்க அம்மணி!" என்றேன்.

ஆறு வாரக் கூலியை மறுநாள் ஒட்டுக்காகத் தந்தார். பென்ஷன் இன்றுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அன்றைக்கு எனக்கு ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் டிக்கெட் எனக்கு மட்டும்தான். போக ஆறும் எட்டும் பதினான்கு, வரப் பதினான்கு. டீ இரண்டு, பன்னிரண்டு ரூபாய் வீதம் இருபத்துநான்கு. ஆக மொத்தம் ஐம்பத்திரண்டு ரூபாய்.